கப்பல் கொடுத்த முதலிடம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே இரண்டாவது சிறந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை என்று சௌமியாவுக்கு மூன்று வருடங்களாகப் பெயர். மூன்று வெள்ளிப் பதக்கங்கள் போர்ட் பிளேரின் மின்னி பேயில் அவர்களுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முன்னறையில், டிவிக்கு மேலே ஒரே ஆணியில் தொங்கின. உள்ளூர் பேப்பரில் மூன்று முறையும் படத்தோடு செய்தி வந்தது. அவள் பிரிவில் போட்டியிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் எந்த நிருபரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இரண்டு பேர் என்று எழுத வேண்டியிருந்திருக்கும்.

அந்த இன்னொருத்தி ஷீலா. கச்சால் தீவில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பம். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பேத்தி. போர்ட் பிளேரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். மூன்று வருடமும் தங்கம் அவளுக்குத்தான். அதில் சௌமியாவுக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. காற்றில் தலைகீழாகத் திரும்பும்போதும் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று ஷீலாவுக்குத் தெரிந்திருந்தது. சௌமியாவுக்குத் தரையில் சும்மா நிற்கும்போதே கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

சௌமியா ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தது ஆசையினால் அல்ல, வரிசையின் நீளத்தினால். அவளுடைய அப்பா கோவிந்தராஜ் கப்பல் டிக்கெட் கவுண்டரில் தலைமை குமாஸ்தா. தீவுகளில் இது சாதாரண உத்தியோகம் அல்ல. கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, பரீட்சை எல்லாம் ஒரு கப்பல் டிக்கெட்டில் வந்து நிற்கும். மீன் மார்க்கெட்டில் அவரைப் பார்த்துக் கும்பிடாதவர்கள் இனி எங்கேயும் போகிற உத்தேசம் இல்லாதவர்கள்தாம். இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வரிசைகளைப் பார்த்த மனிதர், விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டதும் மகளை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய், எந்த விளையாட்டில் எத்தனை பெண் பிள்ளைகள் என்று விசாரித்தார். சைக்கிளுக்குத் தொண்ணூறு பேர். கபடிக்கு அறுபது. ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒருத்தி.

"அதுல போடுங்க," என்றார். "அங்கதான் கூட்டம் இல்ல."

பயிற்சியாளர் சந்திரசேகர் சார் மெயின்லேண்டிலிருந்து கைப்பந்து சொல்லிக்கொடுக்க வந்தவர். கைப்பந்துக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்ததால், நாற்பத்தைந்து நாள் வகுப்பு ஒன்றுக்கு அனுப்பி அவரை ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அந்த நாற்பத்தைந்து நாளில் அவர் கற்றுக்கொண்டு வந்தது முக்கியமாக ஒரு வசனம்.

"ஜிம்னாஸ்டிக்ஸ்ங்கிறது உடம்ப வளைக்கிறது இல்லம்மா. பர்சனாலிட்டி டெவலப்மென்ட். மேல ஏறும்போது ஒரு பொண்ணு, இறங்கும்போது வேற ஒரு பொண்ணு."

ஏறும்போது இருந்த பெண்தான் பெரும்பாலும் இறங்கும்போதும் இருந்தாள். முழங்காலில் மட்டும் கொஞ்சம் தோல் குறைந்திருக்கும். ஆனால் சௌமியா அதைச் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் அவள் சாரிடம் பேசியது இரண்டே வார்த்தை. "சரி சார்." அதை அவர் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லிவந்தார்.

சௌமியாவுக்குக் கொஞ்சம் வந்தது பீம் மட்டுமே. பத்து சென்டிமீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், நெஞ்சு உயரத்தில் ஒரு சட்டம். ஸ்டேடியத்து பீமின் மேலுறையில் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். ஏறுவதற்கு முன் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதன்மேல் ஒன்றரை நிமிடம் நடக்க வேண்டும், குதிக்க வேண்டும், திரும்ப வேண்டும். நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் தூக்கி, இரண்டு விநாடி அசையாமல் இருக்க வேண்டும். யாரும் பேசச் சொல்லமாட்டார்கள். யாரும் எதிரில் வரமாட்டார்கள். அவளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

போன வருடம் தேசியப் பள்ளிப் போட்டிக்கு ஷீலா சென்னைக்குக் கப்பலில் போய், இறங்கிய மறுநாளே பீமில் ஏறினாள். அந்த இரண்டு விநாடியில்தான் விழுந்தாள். திரும்பி வந்து, ஸ்டேடியத்தில் எல்லோர் முன்னாலும் சார் காரணம் கேட்டபோது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தரை ஆடிச்சு சார்."

"தரை எங்கயாவது ஆடுமா?"

"கப்பல்ல இருந்து இறங்கினதுல இருந்து ஆடிச்சு சார். நிக்க ஏலாது. கண்ண மூடினா இன்னும் மோசம்."

சந்திரசேகர் சார் சிரித்தார். சார் சிரித்ததால் கபடிப் பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஸ்டேடியத்தில் யாராவது தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டால், "தரை ஆடிச்சு" என்றார்கள். பரீட்சையில் பெயில் ஆனால், தரை ஆடிச்சு. சௌமியா சத்தமாகச் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்தாள். எப்போதும் இரண்டாவதாக வருகிறவர்களுக்கும் சில சின்னச் சந்தோஷங்கள் வேண்டியிருக்கின்றன.

இந்த வருடம் ஆகஸ்டில் தேசியப் போட்டிக்கான தேர்வு வைத்தார்கள். ஷீலா விடுமுறைக்குக் கச்சால் போயிருந்தாள். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலைப் பதினொரு நாள் நிறுத்திவிட்டார்கள். தேர்வை நிறுத்தவில்லை. தலைமை விருந்தினருக்கு வேறு தேதி ஒத்துவரவில்லை. சௌமியா தனியாக ஏறினாள், ஒருமுறை விழுந்தாள், மறுபடி ஏறினாள், இறங்கினாள், முதலிடம் பெற்றாள். தலைமை விருந்தினர் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, இப்படித்தான் விடாமல் போராட வேண்டும் என்று பேசினார். மறுநாள் பேப்பரில், "கடும் போட்டிக்குப் பின் மின்னி பே மாணவி முதலிடம்."

அப்பா அதை வெட்டி லேமினேட் செய்தார். அம்மா விசாலாட்சி, தேசியப் போட்டியில் நாலு பேர் பார்ப்பார்களே என்று ஜிம்னாஸ்டிக்ஸ் உடையோடு கணுக்கால்வரை ஒரு கால்சட்டையைச் சேர்த்துத் தைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஷீலா வந்தாள். ஸ்டேடியத்துக்கு நேராக வந்து, சௌமியாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வாழ்த்துகள்டி சாம்பியன். எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா அந்தக் கடலுக்கும் ஒரு மாலை வாங்கிப் போட்ருடி. அதுதான உன்ன ஜெயிக்க வச்சது."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சௌமியாவும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு விஷயம் வேண்டியிருந்தது. சென்னையில் அந்த பீமில் ஏறி, ஒன்றரை நிமிடமும் விழாமல் இருக்க வேண்டும். ஷீலா விழுந்த இரண்டு விநாடியிலும் விழாமல் இருக்க வேண்டும். பதக்கம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அங்கே வருகிற பிள்ளைகள் பீமின்மேல் குட்டிக்கரணம் போடுகிறவர்கள். விழாமல் இருந்தால் போதும். விழுந்துவிட்டால், ஆயுள் முழுக்க அவள் ஒரு கப்பல் வராததால் சாம்பியன் ஆனவள்.

வேறு யாருக்கும் இந்தக் கவலை இல்லை. அப்பாவுக்குச் சான்றிதழ் வேண்டும். கோட்டாவுக்குத் தேசியப் போட்டியில் கலந்துகொண்டாலே போதும், விழுந்தவர் விழாதவர் என்று தனிக் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. சாருக்குப் பெரிய பயிற்சியாளர்களோடு ஒரு படம் வேண்டும். பெண் பிள்ளை போவதால் துணைக்கு ஒரு பெண் மேலாளர் வேண்டும் என்று விதி இருந்தது. அதற்குத் தையல் டீச்சர் வைஜெயந்தி மிஸ்ஸைப் போட்டார்கள். அவருக்குச் சின்னம்மா மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை வேண்டும். இப்படி மூன்று பெரியவர்களின் நியாயமான ஆசைகளோடு அந்தமான் அணி தயாரானது.

விமானத்தில் போகலாமா என்று மிஸ்தான் கேட்டார். கோவிந்தராஜ் தன்னைக் கைநீட்டி அடித்ததுபோல் பார்த்தார்.

"ஃப்ளைட்டு டூரிஸ்ட்டுக்கு மிஸ். நம்ம ஆளுங்களுக்குக் கப்பல் எதுக்கு இருக்கு? கேபின் போட்டுத் தர்றேன். நாலு நாள் முன்னாடியே போய் இறங்கிடுவீங்க. பாப்பா நல்லா ரெஸ்ட் எடுக்கும்."

கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை செய்கிறவரின் மகள் விமானத்தில் போனாள் என்றால் நாளைக்கு அவர் எந்த முகத்தோடு கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவது? சௌமியாவுக்கு ஒரு நிமிடம் ஷீலா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அது சாக்கு என்று அவளும்தானே முடிவு செய்திருந்தாள்.

நாலு நாள் முன்னால் போய்ச் சேர வேண்டிய கப்பல், இரண்டு நாள் துறைமுகத்திலேயே நின்றது. ஏதோ ஒரு பாகம் வரவேண்டும் என்றார்கள். "கப்பல்னா அப்படித்தான்," என்றார் அப்பா, சொந்தக்காரர் வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல. கிளம்பிய பிறகு காற்று எதிர்த்தது. மூன்று நாள் பயணம் நாலு நாளாக நீண்டது.

முதல் நாள் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். வைஜெயந்தி மிஸ் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி படுத்தவர், நாலாம் நாள்வரை அந்தப் பழத்தோடுதான் பேசினார். இரண்டாம் நாள் மாலையில் சௌமியாவுக்குத் தெளிந்தது. மேல்தளத்தில், உயிர்காக்கும் படகுகளுக்குக் கீழே, பாதம் அளவு அகலத்தில் மஞ்சள் கோடு ஒன்று நீளமாகப் போனது. அவள் அதன்மேல் நடந்து பார்த்தாள். கப்பல் சாயும்போது முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று தெரிந்தது. ஒரு பக்கம் சாய எட்டு எண்ணிக்கை. மறுபக்கம் சாய எட்டு. ஒரு பக்கம் சாய்ந்து முடித்து மறுபக்கம் திரும்புவதற்கு முன் கடல் கொஞ்சம் யோசிக்கும். அந்த நேரத்தில் ஒற்றைக் காலில்கூட நிற்கலாம். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் காலையிலிருந்து மாலைவரை அதையே செய்தாள். ஆடுகிற கப்பலிலேயே நிற்கிறவளுக்கு ஆடாத தரை எம்மாத்திரம் என்று அவளுக்கே ஒரு பெருமை. சார் படம்பிடித்து, "அலைகளின் மேல் அந்தமான் மங்கை" என்று ஃபேஸ்புக்கில் போடத் தயாராக வைத்துக்கொண்டார். நடுக்கடலில் நெட்வொர்க் இல்லாததால் அந்தமான் மங்கை கரைவரை காத்திருந்தாள்.

போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் சென்னையில் இறங்கினார்கள். ஏணிப்படி முடிந்து, சிமெண்ட் தரையில் கால் வைத்தாள் சௌமியா.

தரை இடப்பக்கம் சாய்ந்தது.

அவள் நின்றாள். எட்டு எண்ணும்வரை சாய்ந்த தரை, கொஞ்சம் யோசித்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்தது. சுற்றிலும் லாரிகளும் போர்ட்டர்களும் டீக்கடையும் சாயாமல் நேராகத்தான் இருந்தன. தரை மட்டும் போய்விட்டுப் போய்விட்டு வந்தது.

"மிஸ்," என்றாள். "தரை..."

"எனக்கும் கிறுகிறுன்னுதான் இருக்கு. ஒரு காபி குடிச்சா சரியாயிடும். புடவைக் கடை எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்னு அந்த ஆளக் கேளு."

சந்திரசேகர் சார் ஆட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் மிஸ்.

"ஒண்ணுமில்ல மிஸ். லோ பி.பி. வயசாகுதில்ல."

சௌமியா அவரையே பார்த்தாள். ஒரு வருடமாக எத்தனை தண்ணீர் பாட்டில்கள் விழுந்தன, எத்தனை பேர் சிரித்தார்கள், அதில் தன் பங்கு எவ்வளவு என்று ஆட்டோவில் போகும்வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனாள். ஆட்டோ ஓடும்போது ஆட்டம் தெரியவில்லை. சிக்னலில் நின்றதும் தெரிந்தது. நகர்ந்துகொண்டிருந்தால் கடல் விட்டுவிடுகிறது, நின்றால் வந்து பிடித்துக்கொள்கிறது. அந்த இரண்டு விநாடிக்கு இதைவிடப் பொருத்தமான வியாதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுநாள் காலைவரையும் அது போகவில்லை. பாத்ரூமில் முகம் கழுவக் குனிந்தபோது சுவர் வந்து தோளில் இடித்தது. போட்டி அரங்கம் ஏசி போட்டு, விளக்குப் போட்டு, போர்ட் பிளேர் ஸ்டேடியத்தை உள்ளே வைத்து மறந்துவிடலாம் என்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தது. பிள்ளைகள் சின்னச் சின்னதாக, ரப்பரில் செய்தவர்கள்போல இருந்தார்கள். கணுக்கால்வரை கால்சட்டை தைத்துப் போட்டிருந்தது அவள் ஒருத்திதான். பயிற்சிக்குக் கொடுத்த இரண்டு நிமிடத்தில் மூன்று முறை விழுந்தாள். மூன்றும் அதே இடத்தில். பக்கத்தில் காத்திருந்த ஒரு பெண், எந்த மாநிலம் என்று அவள் முதுகில் இருந்ததைப் படித்துவிட்டு, படித்ததில் எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

சந்திரசேகர் சார் வேகமாக வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"ஏம்மா கஷ்டப்படுற? இங்க பாரு." உறையைத் திறந்து காட்டினார். சான்றிதழ். அவள் பெயர், தீவின் பெயர், பங்கேற்றமைக்காக என்று பொன்னிற எழுத்து, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. "காலையிலயே குடுத்துட்டாங்க. கடைசி நாள் கூட்டமா இருக்கும்னு சொல்லி வாங்கிட்டேன்."

"இன்னும் ஏறவே இல்லையே சார்?"

"அதான் சொல்றேன். பேர் கூப்பிடுவாங்க. கையத் தூக்கி வணக்கம் வையி. மேல ஏறு, நில்லு, இறங்கு, மறுபடி வணக்கம். பத்து செகண்டு. நிறைய டீம் இப்படித்தான் பண்ணுவாங்க. அடிகிடி பட்டுச்சுன்னா உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? திரும்பிப் போக டிக்கெட்டும் அவர் கையிலதான் இருக்கு."

இந்த இடத்தில் சௌமியா சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைகள் தயாராக இருந்தன. மூன்று வருடமாகத் தேய்ந்து வழுவழுப்பாகி, வாயைத் திறந்தால் தானாக விழக்கூடிய வார்த்தைகள். அவள் வாயைத் திறந்தாள்.

"தரை ஆடுது சார்."

சார் சிரிக்கத் தொடங்கினார். பழக்கம்.

"ஷீலா சொன்னது நிஜம் சார். போன வருஷமும் கப்பல்ல இருந்து எறங்கின மறுநாளே ஏத்தியிருக்கீங்க. நீங்களும் நேத்து ஆட்டோக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

"அது பி.பி.ம்மா."

"உங்களுக்கு பி.பி., அவளுக்குச் சாக்கா சார்?"

இதைச் சொன்னது யார் என்று பார்க்க, சார் சௌமியாவுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நான் முழுசா பண்றேன் சார்," என்றாள் சௌமியா. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், உறையை அவர் கையிலேயே தள்ளிக் கொடுத்தாள்.

"சரிம்மா," என்றார் சார்.

பெயர் கூப்பிட்டார்கள். அவள் கையைத் தூக்கி வணக்கம் வைத்து ஏறினாள். முதல் பாதி நன்றாகவே போனது. நடந்தாள், குதித்தாள், திரும்பினாள். நகர்ந்துகொண்டிருந்ததால் கடல் தூரத்திலேயே இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். நின்ற மாத்திரத்தில் பீம் இடப்பக்கம் சாய்ந்தது.

பயிற்சியில் மூன்று முறையும் இங்கேதான் அவள் அதோடு சண்டை போட்டாள். ஆடவில்லை, ஆடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலை விறைத்தாள். ஆடாத ஒன்றைப் பார்த்து ஆடவில்லை என்று சொல்வதற்கு எந்த அவசியமும் இல்லை. ஆடியது பீம் அல்ல, அவள்தான். இந்த முறை விட்டுவிட்டாள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினாள், மஞ்சள் கோட்டில் செய்ததுபோல. நான்கு, ஐந்து, ஆறு. நடுவர்கள் மேசையில் ஒருவர் தலை நிமிர்த்திப் பார்த்தார். இப்படிச் சும்மா நிற்பதற்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். குறைக்கட்டும். ஏழு, எட்டு. மறுபக்கம் சாயட்டும். ஒன்று, இரண்டு. நடுவர் பேனாவை எடுத்தார். ஆறு, ஏழு, எட்டு.

கடல் யோசித்தது.

அவள் காலைப் பின்னால் தூக்கினாள். கைகள் தாமாகவே இரண்டு பக்கமும் போய் நின்றன, அவற்றுக்கு எப்போதும் அங்கேதான் இடம் என்பதுபோல. பீமின் மறுமுனையில் யாரோ விட்டுச்சென்ற சாக்பொடியின் விரல் அடையாளம் ஒன்று தெரிந்தது. ஒரு விநாடி. இரண்டு. மறுபடி இடப்பக்கம் சாயத் தொடங்கும்போது அவள் காலை இறக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

இறங்கும்போது நேராக நிற்காமல் மூன்று அடி தள்ளாடினாள். ஆனால் அது தரையில். தரையில் விழாதவரை விழவில்லை என்றுதான் பொருள். வணக்கம் வைத்தாள். யாரும் கைதட்டவில்லை. அதே நேரத்தில் அரங்கின் அந்தப் பக்கம் யாரோ இரட்டைக் குட்டிக்கரணம் போட்டிருந்தார்கள். சந்திரசேகர் சார் பெரிய பயிற்சியாளர் ஒருவரின் தோளுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முழுதாகப் பார்த்தது வைஜெயந்தி மிஸ் ஒருவர்தான், மடியில் இரண்டு துணிக்கடைப் பைகளோடு.

"விழலையா?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ்."

"நல்லது. நடுவுல என்ன, மறந்துட்டியா? எவ்வளவு நேரம் நின்ன! சரி, முடிஞ்சுதுல்ல? அந்த மாம்பழ மஞ்சள மாத்திட்டு வந்துடலாம், ஜரிகை சரியில்ல."

முப்பத்தெட்டுப் பேரில் அவள் முப்பத்தைந்தாவது. பின்னால் இருந்த மூவரில் இரண்டு பேர் பலமுறை விழுந்தவர்கள், ஒருத்தி வரவேயில்லை. நடுவர்கள் தாளின் நகலில், தேவையில்லாமல் நின்றதற்குக் குறைப்பு, முழங்கால் மடங்கியதற்குக் குறைப்பு, இறங்கியபோது தள்ளாடியதற்குக் குறைப்பு என்று அவளிடமிருந்து எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்திருந்தார்கள். விழுந்ததற்கு என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. இரண்டு விநாடி நின்றதற்கான கட்டத்தில் டிக். அந்தத் தாளை மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். அதை யாரும் லேமினேட் செய்யமாட்டார்கள்.

சாயங்காலம் அப்பா ஃபோன் செய்தார்.

"சர்டிபிகேட் வாங்கியாச்சா பாப்பா? சீல் அடிச்சிருக்கா? வட்ட சீலா?"

"வட்ட சீலுதான். அப்பா, அடுத்த வருஷம் யார் வந்தாலும், கப்பல்னா ஒரு வாரம் முன்னாடியே கரையில இருக்கணும். இல்லன்னா ஃப்ளைட்டு. நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

"ஏன், கப்பலுக்கு என்ன?"

"கப்பலுக்கு ஒண்ணுமில்லப்பா. அது நல்லாத்தான் இருக்கு. ஏறி வந்தவங்களுக்குத்தான்."

மகள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "லைன் சரியில்ல," என்று முடிவுக்கு வந்து வைத்துவிட்டார்.

அடுத்த அழைப்பு ஹாஸ்டல் வார்டனின் எண்ணிலிருந்து வந்தது.

"தரை ஆடிச்சா?" என்றாள் ஷீலா. வணக்கம் இல்லை, நலம் இல்லை.

"ஆடிச்சு."

"சச்சீ?"

"சத்தியமாடி. இன்னும் ஆடுது. சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் பேசுறேன்."

ஹாஸ்டலில் யாரோ தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷமா பொய்க்காரியாச் சுத்துறேன்டி நானு," என்றாள் ஷீலா. "எனக்கே பொய்தானோன்னு ஆயிருச்சு."

"நானும் நம்பலடி. சிரிச்சேன். உள்ளுக்குள்ள."

"தெரியும். உன் மூஞ்சி உள்ளுக்குள்ள சிரிச்சா காது செவக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "சரி, விழுந்தியா?"

"இல்ல."

"ரெண்டு செகண்டு?"

"நின்னேன்."

"யார் எண்ணினது, நீயா அவங்களா?"

"அவங்கதான். டிக் போட்டிருக்காங்க. எப்படின்னு வந்து சொல்றேன், அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. சார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னான்னு?"

"நீ சொன்னது நிஜம்னு."

"நீயா? வாயத் தொறந்தியா? சார் என்னா சொன்னாரு?"

"சரிம்மான்னாரு."

ஷீலா சிரித்த சிரிப்பில் வார்டன் ஏதோ இந்தியில் அதட்டியது கேட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் சௌமியா, நேற்றிலிருந்து யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அடுத்த ஆகஸ்ட்ல தேர்வு முடியிற வரைக்கும் ஊருக்குப் போகாத. எங்க வீட்டுல வந்து இரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஏன்டி, தங்கம் கனக்குதா? வெள்ளியே போதும்னு ஆயிருச்சா?"

"இல்ல. நீ இல்லாம உன்னத் தோக்கடிச்சு ஒரு தடவ பாத்துட்டேன். நல்லாவே இல்ல. இருக்கும்போது தோக்கடிக்கணும்."



"அரே வா!" என்றாள் ஷீலா. "சந்திரசேகர் சாருக்கு ஃபோனப் போடுங்கப்பா யாராவது. இவளுக்குப் பர்சனாலிட்டி வந்துருச்சு."